கரையேறிய கோபுரம்

எடிஸ்டோன் பாறையில் இப்போதும் கல்லால் ஆன ஓர் அடித்தண்டு நிற்கிறது. அதற்கு மேலே இருந்த உடலும் தலையும் இருபது கிலோமீட்டருக்கும் அப்பால், பிளிமத் நகரத்துப் புல்மேட்டில் நிற்கின்றன. இரண்டும் ஒரே கலங்கரை விளக்கம்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் இருக்கும் அந்தத் துறைமுக ஊரில் நர்ஸாக வேலை பார்த்துவிட்டு மதுரைக்குத் திரும்பியவள் நான். சொந்த ஊருக்கு வந்த பிறகு வேற்றூருக்கு ஏங்குவதை யாரிடமும் சொல்ல முடிவதில்லை. அங்கே இருந்துகொண்டு மல்லிகைப்பூவுக்கும் ஜிகர்தண்டாவுக்கும் ஏங்கினால் சொந்தபந்தம் எல்லாம் உச்சுக்கொட்டும். மதுரையில் உட்கார்ந்துகொண்டு பிளிமத்தின் தூறலுக்கு ஏங்கினால் திமிர் என்பார்கள். அதனால் எழுதிவைக்கிறேன்.

இரவுப் பணி முடிந்து காலையில் பஸ்ஸில் இறங்கினால் நேரே வீட்டுக்குப் போகத் தோன்றாது. உடம்பு தூக்கத்தைக் கேட்கும். கண் வெளிச்சத்தைக் கேட்கும். வழியில் ஒரு பேஸ்ட்டி கடை. பேஸ்ட்டி என்பது நம்மூர் சோமாசை உள்ளங்கை கொள்ளாத அளவுக்குப் பெரிதாக்கி, உள்ளே தேங்காய்ப் பூரணத்துக்குப் பதில் கறியும் உருளைக்கிழங்கும் வைத்தது. கடைக்கார அம்மாள் வருகிறவர் போகிறவர் எல்லாரையும் "மை லவர்" என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஊர் வழக்கம் அது. முதல் தடவை கேட்டபோது காது சிவந்துபோனது. பிறகு யாராவது அப்படிக் கூப்பிடாவிட்டால்தான் என்னவோ கோபம் போலிருக்கிறது என்று தோன்றும்.

சூடான பொட்டலத்தோடு ஹோ என்கிற அந்த மேட்டுக்கு ஏறுவேன். மேட்டின் நடுவே சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை போட்ட கோபுரம். பெயர் ஸ்மீட்டன் கோபுரம். உயரம் சுமார் 22 மீட்டர். உள்ளே 93 படிகள். அதன் கீழே பெஞ்சில் உட்கார்ந்தால் எதிரே பிளிமத் சவுண்ட் என்கிற விரிந்த வளைகுடா, அதைக் காக்கும் நீண்ட அலைதடுப்புச் சுவர், அதற்கும் அப்பால் திறந்த கடல். மேகம் விலகிய நாளில் தொடுவானத்தில் இரண்டு கோடுகள் தெரியும். ஒன்று ஊசிபோல உயரமானது. இப்போது வேலை செய்யும் விளக்கு. பக்கத்தில் குட்டையாக ஒன்று. அதுதான் நான் சாய்ந்து உட்கார்ந்திருக்கும் கோபுரத்தின் அடி. இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து அந்த இடத்தை விட்டு என்னால் எழுந்துபோக முடியாமல் ஆயிற்று.

எடிஸ்டோன் தீவு அல்ல. அலை ஏறினால் பெரும்பகுதி முழுகிப்போகும் கரும்பாறைக் கூட்டம். ஆங்கிலக் கால்வாயின் வழியாகப் பிளிமத்துக்கு வரும் கப்பல்களுக்குக் குறுக்கே படுத்திருக்கிறது. அதற்குப் பயந்து மிகவும் தள்ளிப்போன மாலுமிகள் எதிர்க்கரையில் பிரெஞ்சுப் பாறைகளில் மோதிய கதைகளும் உண்டு. அங்கே விளக்கு வைக்க வேண்டும் என்று எல்லாரும் சொன்னார்கள். நிற்க இடமில்லாத பாறையில் யார் போய்க் கட்டுவது?

கட்டினவர் கொத்தனாரும் இல்லை, மாலுமியும் இல்லை. ஹென்றி வின்ஸ்டான்லி செம்புத்தகட்டில் படம் வெட்டும் கலைஞர். விசித்திரப் பொறிகள் நிறைந்த தன் வீட்டைக் காசு வாங்கிக்கொண்டு காட்டுவார். லண்டனில் நீர்விளையாட்டுக் கொட்டகை ஒன்றும் வைத்திருந்தார். சம்பாதித்ததைக் கப்பல்களில் போட்டார். அவற்றில் இரண்டு எடிஸ்டோனில் உடைந்தன. இனி யார் கப்பலும் அங்கே உடையக்கூடாது என்று அவரே கிளம்பிவிட்டார். 1696இல் வேலை தொடங்கியது. அடுத்த வருடம் பிரெஞ்சுக் கொள்ளைக்கப்பல் ஒன்று வந்து பாறையிலிருந்து அவரைத் தூக்கிக்கொண்டு போனது. இரண்டு நாடுகளுக்கும் அப்போது போர். ஆனால் பதினான்காம் லூயி மன்னர், இந்த விளக்கு எல்லா நாட்டுக் கப்பலுக்கும் ஆனது என்று அவரை விடுவித்துத் திருப்பி அனுப்பினார். 1698 நவம்பரில் விளக்கு எரிந்தது. மறுவருடமே அதைப் பெரிதாக்கிக் கட்டினார். மாடமும் வேலைப்பாடுமாக, பார்க்கிறவர்களுக்கு வேடிக்கைவீடு போலவே இருந்தது.

உலகத்தில் வீசக்கூடிய மிகப்பெரிய புயலின்போது தான் அந்தக் கோபுரத்துக்குள் இருக்க வேண்டும் என்று அவர் ஆசைப்பட்டதாகச் சொல்வார்கள். 1703 நவம்பர் இறுதியில் பழுது பார்க்கப் போனார். அந்த நாட்டில் இன்றுவரை பெரும்புயல் என்று பேசப்படுவது அன்று இரவுதான் வீசியது. எழுத்தாளர் டானியல் டீஃபோ அந்தப் புயலைப் பற்றி ஒரு முழுப் புத்தகமே எழுதினார். விடிந்தபோது பாறையில் சில இரும்புக் கம்பிகள் தவிர எதுவும் இல்லை. கோபுரமும் இல்லை, வின்ஸ்டான்லியும் இல்லை. சில நாட்களுக்குள், வர்ஜீனியாவிலிருந்து புகையிலை ஏற்றி வந்த கப்பல் ஒன்று அதே பாறையில் மோதி உடைந்தது. ஐந்து வருடம் ஒரு கப்பலும் உடையாமல் இருந்ததற்கு யார் காரணம் என்பது அன்றுதான் ஊருக்கு உறைத்தது.

அடுத்து வந்த ஜான் ரட்யர்டு பட்டு வியாபாரி. அவருக்குப் பணம் போட்டவருக்கு, கடந்துபோகும் கப்பல்களிடம் டன்னுக்கு ஒரு பென்னி வாங்கிக்கொள்ள உரிமை கிடைத்தது. ரட்யர்டு அலங்காரத்தை எல்லாம் விட்டுவிட்டு, கப்பல் கட்டும் தச்சர்களை வைத்து வழவழப்பான மரக்கோபுரம் எழுப்பினார். உள்ளே பாரத்துக்குக் கல். 1709இல் வேலை முடிந்தது. புயலுக்கு அது அசைந்துகொடுத்தது, விழவில்லை. நாற்பத்தாறு வருடம் கழித்து அதை அழித்தது நெருப்பு. 1755 டிசம்பரில் உச்சி பற்றிக்கொண்டது. காவலர் ஹென்றி ஹாலுக்கு வயது 94. வாளியால் மேல்நோக்கித் தண்ணீரை வீசிக்கொண்டிருந்தவரின் தொண்டைக்குள் உருகிய ஈயம் விழுந்தது. கரைக்குக் கொண்டுவந்தபோது, ஈயத்தை விழுங்கிவிட்டேன் என்று அவர் சொன்னதை யாரும் நம்பவில்லை. பன்னிரண்டு நாள் உயிரோடிருந்து இறந்தார். வயிற்றைத் திறந்த மருத்துவர் சுமார் 200 கிராம் எடையுள்ள ஈயக்கட்டியை எடுத்தார். அது இப்போது எடின்பரோ அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நர்ஸாக இருந்தவளுக்கு இந்தக் கதையில் ஈயம் பெரிய விஷயமில்லை. நோயாளி தனக்கு என்ன ஆயிற்று என்று தெளிவாகச் சொல்கிறார். சுற்றி நிற்கிறவர்கள் கிழவர் உளறுகிறார் என்கிறார்கள். எந்த வார்டிலும், எந்த இரவிலும் நடக்கக்கூடியது அது.

மூன்றாவதாக வந்தவர்தான் ஜான் ஸ்மீட்டன். அப்போது வயது முப்பத்திரண்டைத் தொடவில்லை. கருவிகள் செய்கிறவர். ராயல் சொசைட்டி என்கிற அறிவியல் கழகம் அவரைக் கைகாட்டியது. புயலில் ஓக் மரம் எப்படி நிற்கிறது என்று அவர் யோசித்தார். அடியில் அகன்று, மேலே போகப்போகக் குறுகி, பாரம் எல்லாம் கீழே. கல்லில் மரத்தைக் கட்டுவது என்று முடிவு செய்தார். 1,493 கற்கள். ஒவ்வொன்றும் கரையில் செதுக்கப்பட்டது. ஒன்றின் காது இன்னொன்றின் பள்ளத்தில் போய்ப் பூட்டிக்கொள்ளும். வரிசைக்கு வரிசை பளிங்கு முளைகள் வைத்து இறுக்கினார்கள். முதல் வரிசை பாறையையே படி போல வெட்டி அதில் கோர்க்கப்பட்டது. கோடை மாதங்களில், அலை இறங்கும் சில மணி நேரங்களில் மட்டுமே வேலை நடக்கும். கடல் கொந்தளிக்கும் நாட்களில் ஸ்மீட்டன் ஹோ மேட்டில் நின்று தொலைநோக்கியால் பார்ப்பாராம். நான் பேஸ்ட்டி தின்ற இடத்தில் நின்றுதான்.

உப்புநீர் அடித்துக்கொண்டே இருக்கும் இடத்தில் சாதாரணச் சுண்ணாம்பு இறுகாது. தண்ணீருக்குள்ளும் இறுகுகிற காரையைத் தேடி அவர் பல ஊர்ச் சுண்ணாம்புக்கல்லைச் சுட்டுப் பார்த்தார். களிமண் கலந்த கல்தான் அதற்கு உகந்தது என்று கண்டுபிடித்து, இத்தாலியிலிருந்து வந்த எரிமலைச் சாம்பலை அதோடு சேர்த்தார். பின்னாளில் சிமெண்ட் வந்ததற்கு அந்தச் சோதனைகளும் ஒரு படி. மதுரைக்காரிக்கு இது அந்நியமான சங்கதி இல்லை. வைகைக்குத் தண்ணீர் அனுப்பும் முல்லைப் பெரியாறு அணையை 1895இல் பென்னிகுயிக் கட்டி முடித்தது சுண்ணாம்பும் சுர்க்கியும் கலந்த காரையால்தான். எரிமலைச் சாம்பல் செய்த வேலையை நம்மூரில் சுட்ட செங்கல் பொடி செய்தது.

1759 அக்டோபர் 16 அன்று ஸ்மீட்டனின் விளக்கு எரிந்தது. அவ்வளவு பெரிய கோபுரத்தின் உச்சியில் எரிந்தவை வெறும் 24 மெழுகுவர்த்திகள். திரி கருகினால் வெளிச்சம் மங்கும். அதனால் அரை மணிக்கு ஒரு முறை அடிக்கும் கடிகாரம் ஒன்றை ஸ்மீட்டன் வைத்தார். அடித்ததும் காவலர் எழுந்து திரிகளைக் கத்தரிக்க வேண்டும். நானும் அரை மணிக்கு ஒரு முறை எழுந்து கட்டில் கட்டிலாகப் போய் நாடியும் மூச்சும் பார்த்துக் குறித்தவள்தான். யாரோ ஒருவர் நிம்மதியாகக் கடந்துபோவதற்காக இன்னொருவர் விழித்திருப்பது சம்பளத்துக்குச் செய்யும் வேலை என்றாலும் அதில் ஒரு கௌரவம் உண்டு. வெளியே மழை சன்னலில் அறையும் இரவுகளில் அந்த மெழுகுவர்த்திக் காவலர்களை நினைத்துக்கொள்வேன். அப்போது வார்டே ஒரு கோபுரம் போலத்தான் இருக்கும்.

கோபுரம் நூறு வருடத்துக்கும் மேலாகப் புயல்களைத் தாங்கியது. மெழுகுவர்த்தி போய் எண்ணெய் விளக்கு வந்தது. கோபுரம் அசராமல் நின்றது. ஆனால் 1870களில் காவலர்கள் ஒன்றைச் சொன்னார்கள்: பெரிய அலை அறையும்போது கோபுரம் ஆடுகிறது. ஆராய்ந்து பார்த்தபோது குற்றம் கோபுரத்தில் இல்லை. அது நின்றிருந்த பாறையை அடியில் கடல் அரித்துக் குகையாக்கிவிட்டிருந்தது. ஸ்மீட்டன் கணக்கில் எடுத்த எல்லாமும் சரியாக இருந்தது. காலுக்குக் கீழே இருந்தது மட்டும் போய்க்கொண்டிருந்தது.

டிரினிட்டி ஹவுஸ் என்கிற கலங்கரை நிர்வாகம் புதிய கோபுரத்துக்கு முடிவெடுத்தது. பொறியாளர் ஜேம்ஸ் டக்ளஸ். நம் பக்கத்துக் கடலுக்கும் இவர் கைராசி உண்டு. இலங்கையின் தென்கிழக்குக் கரைக்கு அப்பால், இராவணன் கோட்டை என்று அங்கே சொல்லப்படும் கடற்பாறைகளில் நிற்கும் கிரேட் பாசஸ், லிட்டில் பாசஸ் விளக்குகள் அவர் வடிவமைத்தவை. முதலாவது 1873, இரண்டாவது 1878. இலங்கையைச் சுற்றி வங்கக்கடலுக்குள் நுழையும் கப்பல்களுக்கு அவைதான் வழிகாட்டின. அதே டக்ளஸ், ஸ்மீட்டன் கோபுரத்துக்குச் சுமார் 40 மீட்டர் தள்ளி, உறுதியான பாறையில் 49 மீட்டர் உயரத்துக்குப் புதியதை எழுப்பினார். 1882 மே மாதம் அது எரியத் தொடங்கியது. கற்களை ஒன்றோடொன்று பூட்டும் ஸ்மீட்டனின் முறையைத்தான் அவர் இன்னும் செம்மையாக்கிக் கையாண்டார். தோற்றுப்போனவரிடம் யாரும் அப்படிக் கற்றுக்கொள்வதில்லை.

பழைய கோபுரத்தை இடித்துக் கடலில் தள்ளியிருக்கலாம். பிளிமத்துக்காரர்கள் விடவில்லை. ஊரில் நன்கொடை வசூலித்து, மேல்பகுதியைக் கல் கல்லாக இறக்கி, படகில் கொண்டுவந்து, ஹோ மேட்டில் புதிய கருங்கல் அடித்தளத்தின் மேல் அடுக்கினார்கள். 1884 செப்டம்பரில் திறந்துவைத்தார்கள். கீழ்ப்பகுதியைப் பெயர்க்க முடியவில்லை. பாறையோடு பாறையாகப் பூட்டிக்கொண்டிருந்ததை அப்படியே விட்டுவிட்டார்கள். ஆடுகிறது என்று இறக்கிய கோபுரத்தின் அடி, இறக்கி 140 வருடம் தாண்டியும் அதே கடலில் நிற்கிறது.

நாட்டுக்கே அது செல்லமான கோபுரம். பிரிட்டிஷ் பென்னி நாணயத்தில் பிரிட்டானியா தேவிக்குப் பின்னால் ஒரு சின்னக் கலங்கரை விளக்கம் இருக்கும். 1860இல் வந்து, 1895இல் நீங்கி, 1937இல் திரும்பி, பழைய நாணய முறை ஓயும்வரை இருந்தது. டன்னுக்கு ஒரு பென்னி வாங்கிய பாறையின் விளக்குக்குப் பென்னியிலேயே இடம். 1941இல் ஜெர்மன் குண்டுவீச்சில் பிளிமத்தின் நடு ஊர் தரைமட்டமானது. பகலில் இடிபாடுகளைக் கிளறிய ஊர், மாலையில் ஹோ மேட்டில் கூடி நடனமாடியது. அந்த ஊரின் நாடாளுமன்ற உறுப்பினர் நான்சி ஆஸ்டரும் கூட ஆடினார். கோபுரம் அத்தனையையும் பார்த்துக்கொண்டு நின்றது. 1982இல் கடலில் இருக்கும் புதிய கோபுரமும் தானியங்கி ஆயிற்று. திரி கத்தரிக்கவும் ஆள் வேண்டாம், விழித்திருக்கவும் ஆள் வேண்டாம்.

நான் திரும்பியதற்குக் காரணம் கேட்பவர்களுக்கு, "அம்மாவைப் பார்த்துக்க ஆள் இல்லை" என்று சுருக்கமாகச் சொல்லிவிடுவேன். அது உண்மைதான். அப்பா போன பிறகு அம்மா தனியாக இருந்தார். சர்க்கரை, முழங்கால், பிறகு கண். ஒவ்வொரு போன் பேச்சிலும் "எனக்கென்னடி, நல்லாத்தான் இருக்கேன்" என்பார். அந்த "நல்லாத்தான்" கொஞ்சம் கொஞ்சமாக மெலிந்துகொண்டே வந்தது. அங்கே என் வேலைக்கோ, வீட்டுக்கோ, என் உடம்புக்கோ ஒரு குறையும் இல்லை. யாரும் போகச் சொல்லவில்லை. நான் எதன்மேல் நின்றுகொண்டிருந்தேனோ அது கடற்கரையில்லாத வேறோர் ஊரில் அரிபட்டுக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். ஸ்மீட்டன் கோபுரத்தின் கதையை அதுவரை வேடிக்கையாகச் சுற்றுலாக்காரர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தவள், விமானச் சீட்டு எடுத்த வாரத்தில் அதை யாருக்கும் சொல்லவில்லை.

இங்கே வந்து சேர்ந்த பிறகு ஒன்று புரிந்தது. கரையேறிய கோபுரம் அதன்பிறகு கப்பலுக்காக எரியவில்லை. பத்திரமாக இருக்கிறது, வருடாவருடம் ஆட்கள் சீட்டு வாங்கி ஏறிப் பார்க்கிறார்கள், சுண்ணாம்புக்குப் பதில் நல்ல வண்ணம் பூசுகிறார்கள். ஆனால் இரவு வந்தால் அதற்கு வேலை இல்லை. எனக்கும் இப்போது இரவில் வேலை இல்லை. அம்மா பத்து மணிக்கெல்லாம் தூங்கிவிடுவார். நான் மூன்று மணிக்கு விழித்துக்கொள்வேன். உடம்பு இன்னும் அந்தக் கடிகாரத்தில்தான் இருக்கிறது. எனக்கு ஏக்கம் பேஸ்ட்டிக்கும் தூறலுக்கும் மட்டும் என்றால் சமாளித்துவிடலாம். தேவைப்பட்டவளாக இருந்த இரவுகளுக்கு ஏங்குகிறேன். அம்மாவுக்கு நான் தேவைதான். ஆனால் மகளாகத் தேவைப்படுவது வேறு, முகமே தெரியாத ஒருவருக்கு விடிகிறவரை தேவைப்படுவது வேறு.

பிபிசி வானொலியில் கப்பல்களுக்கான வானிலை அறிக்கை வாசிப்பார்கள். பிரிட்டனைச் சுற்றியுள்ள கடலைப் பகுதி பகுதியாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் காற்று, மழை, பார்வைத் தூரம். வைட், போர்ட்லண்ட், பிளிமத், பிஸ்கே என்று பெயர்கள் சுப்ரபாதம் போல வரிசை மாறாமல் வரும். அங்கே நள்ளிரவு தாண்டி வாசிப்பது கோடையில் இங்கே பால் பாக்கெட் வந்து விழும் நேரம். போனில் வைத்துக்கொண்டு அடுப்பைப் பற்றவைப்பேன். பிளிமத் வந்ததும் கை நின்றுவிடும். தென்மேற்குக் காற்று, வேகம் ஏழு, பிறகு எட்டு. அந்தக் குட்டைத் தண்டின் மேல் அலை ஏறிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் அம்மா கட்டிலில் இருந்தபடியே கேட்டார்.

"தினமும் என்னடி அது, மந்திரம் மாதிரி?"

"பிளிமத்துல காத்து எப்படின்னு சொல்றாங்கம்மா."

"இங்க இருந்துக்கிட்டு உனக்கு எந்தக் கப்பல்டி போகணும்?"

சிரித்துவிட்டேன். அவருக்குச் சர்க்கரை பார்க்கும் நேரம் ஆகியிருந்தது. ஊசியையும் குறிப்பேட்டையும் எடுத்துக்கொண்டு போனேன். ஒவ்வொரு வேளையும் மணி போட்டு, அளவு எழுதி, கையெழுத்தும் போட்டுவிடுகிறேன், வார்டில் செய்ததுபோலவே. வீட்டு நோட்டில் கையெழுத்து எதற்கு என்று அம்மா அதையும் கேட்டாயிற்று. அடுத்த ஷிப்டுக்கு வருகிறவர் பார்ப்பார் என்றேன். எந்த ஷிப்டு, யார் வருவார் என்று அவர் விடவில்லை. அதற்கு இன்னும் பதில் யோசித்துக்கொண்டிருக்கிறேன்; கையெழுத்தை மட்டும் நிறுத்தவில்லை.